சில்வர் கோடு கோடாக வருகிறது, பிரஷ்ஷில்தான் அடிக்கிறேன், அவசரம்

காகிதக்கழுகு (புதன், இரவு 10.52)
வணக்கம். மஸ்டாங் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். சில்வர் அடித்தால் கோடு கோடாக வருகிறது. இரண்டாவது கோட் (பூச்சு) அடிக்கப் போனால் முதல் கோட் பிரஷ்ஷோடு கிளம்பி வந்துவிடுகிறது. மூன்று முறை அடித்தாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் முன்னைவிட மோசம். ஞாயிறு காலை பையனின் பள்ளியில் கண்காட்சி. பெயின்டைக் காற்றில் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லை, இப்போது வாங்கவும் முடியாது. நிஜ விமானம் மாதிரி உலோகமாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு (இரவு 11.05)
என்ன பெயின்ட்? எனாமலா, அக்ரிலிக்கா? எதில் கரைத்தீர்கள்? அடியில் பிரைமர் உண்டா? என்ன ஸ்கேல்? ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் விட்டீர்கள்? இதெல்லாம் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

வால்சிறகு (இரவு 11.11)
பிரஷ்தான் காரணமாக இருக்கும். பையனின் டிராயிங் பாக்ஸில் இருக்கும் முரட்டு முடி பிரஷ் சில்வருக்கு ஆகவே ஆகாது, ஒவ்வொரு முடியும் ஒரு கோடு போடும். 8 அல்லது 10 மி.மீ. அகலத்தில் தட்டையான, மெத்தென்ற சிந்தெடிக் பிரஷ் வாங்குங்கள். எனக்கு அதோடு பிரச்சினை தீர்ந்தது.

பழைய_பசை (இரவு 11.30)
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது, பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. பதில் ஒன்றுதான்: மெட்டாலிக்கை பிரஷ்ஷில் அடிக்க முடியாது. பளபளக்கும் கறுப்பு பேஸ், அதன்மேல் ஆல்கிளாட் உலோக லாக்கர், ஏர்பிரஷ்ஷில். நான் பதினெட்டு வருடமாகக் கட்டுகிறேன். கற்றுக்கொள்பவர்கள் முதலில் ஆலிவ் பச்சை விமானத்தில் கை பழக வேண்டும், வெள்ளி விமானத்தில் தொடங்கக் கூடாது.

ஈரத்துணி (இரவு 11.48)
முடியாது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள் சார். பிரஷ்ஷில் அடிப்பதற்கென்றே உள்ள சில்வர் இருக்கிறது. ஹம்ப்ரால் மெட்டல்கோட்டில் 27002, பாலிஷ்டு அலுமினியம். எனாமல். அடித்து, நன்றாகக் காய்ந்ததும் பழைய பனியன் துணியால் தேய்த்தால் மினுக்கம் எழும்பி வரும். என் வீட்டு அலமாரியில் ஒரு சேபர் ஜெட் விமானம் முழுக்க பிரஷ்ஷிலேயே அடித்தது நிற்கிறது.
அப்புறம், மழை நாளில் அடிக்கிறீர்களா? காற்றில் ஈரம் அதிகமானால் லாக்கர் வகையெல்லாம் வெளுத்துப்போகும்.

காகிதக்கழுகு (வியாழன், காலை 6.40)
டமியா எக்ஸ்-11, அக்ரிலிக் சில்வர். ஸ்கேல் 1/72, நிஜத்தில் 72இல் ஒரு பங்கு. பிரைமர் இல்லை, நேராக பிளாஸ்டிக் மேல். தின்னர் ஹார்டுவேர் கடையில் வாங்கியது. பத்து நிமிடம் விட்டு அடுத்த கோட். மழை இல்லை. பிரஷ் சாதாரண பிரஷ்தான்.

மேசைவிளக்கு (காலை 6.55)
அந்த தின்னர் டின்னில் என்ன எழுதியிருக்கிறது?

காகிதக்கழுகு (காலை 7.02)
என்.சி. தின்னர். ஆபீஸ் கிளம்பிவிட்டேன், இரவு பார்க்கிறேன்.

மேசைவிளக்கு (காலை 7.40)
நினைத்தேன். தயவுசெய்து இனி ஒரு சொட்டுகூட அதை மாடல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் லாக்கர் தின்னர் வகை, மர பாலிஷுக்கும் கார் பெயின்டுக்கும் ஆனது. கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன், அதை இது கரைக்கும். முதல் கோட் கிளம்பி வருவதும் இதனால்தான். பெயின்ட் மேல் குற்றமில்லை. கீழே இருக்கும் கோட்டை மேலே வரும் கோட் திரும்பக் கரைக்கிறது, கூடவே பிளாஸ்டிக்கும் இளகுகிறது. இறக்கையைச் சாய்த்து விளக்கில் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறதா? ஓரத்தில் நகத்தால் அழுத்தினால் பதிகிறதா?

கோடு விழுவதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், புரிந்தால் கை தானாகச் சரியாகும். சில்வர் பெயின்டில் இருப்பவை மிக நுண்ணிய அலுமினியச் செதில்கள். அவை எல்லாம் ஒரே மாதிரி தட்டையாகப் படுத்தால் வெளிச்சம் ஒரே சீராகத் திரும்பும், பார்வைக்கு உலோகம். பாதி காய்ந்த இடத்தில் பிரஷ் திரும்பப் போனால் செதில்கள் நிமிர்ந்துவிடும், அங்கே வெளிச்சம் சிதறும், நமக்குக் கறுத்த கோடாகத் தெரியும். வேறு நிறத்தில் இதே தப்பு செய்தாலும் கண்ணுக்கு அகப்படாது. சில்வரில் மறைக்க வழியே இல்லை. பிளாஸ்டிக்கில் இருக்கும் சின்னக் கீறல்கூட மேலே தெரியும்.

பழைய_பசை (காலை 9.15)
டமியா அக்ரிலிக்கில் லாக்கர் தின்னர் கலப்பது உலகம் முழுக்க செய்வதுதான். பிளாஸ்டிக் ஒன்றும் கரையாது. தெரியாதவர்களை பயமுறுத்த வேண்டாம்.

மேசைவிளக்கு (காலை 9.32)
ஏர்பிரஷ்ஷுக்குக் கலக்கிறார்கள், உண்மை, நானும் செய்கிறேன். அதற்கு மாடலுக்கென்று விற்கும் லாக்கர் தின்னர் இருக்கிறது, கடைசிச் சொட்டு பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே பாதி ஆவியாகிவிடும். பிரஷ்ஷில் அது குளமாக நிற்கும். இரண்டும் ஒன்றல்ல.

துரு (காலை 10.20)
ஒரு விஷயம் யாருமே சொல்லவில்லை. பி-51டியின், அதாவது மஸ்டாங்கின் இறக்கை வெறும் உலோகமாக விடப்படவில்லை. லாமினர் ஃப்ளோ இறக்கை, காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதால் தொழிற்சாலையிலேயே முன்பகுதியில் ரிவெட்டுகளையும் தகட்டு இணைப்புகளையும் புட்டி போட்டு மூடி, தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளி பெயின்ட் அடித்தார்கள். வெறும் அலுமினியம் என்பது உடல் பகுதிதான். ரடர் (வாலில் திசை திருப்பும் பலகை) துணி போர்த்தியது, அதற்கும் வெள்ளிப் பூச்சுதான். ஆகவே இறக்கையில் கண்ணாடிப் பளபளப்பு வேண்டியதில்லை, கோடில்லாத சாதாரண சில்வர் போதும். கிட்டில் இறக்கை முழுக்க ரிவெட் குழி இருந்தால் முன்பகுதியிலாவது மூடிவிடுங்கள்.

வால்சிறகு (காலை 10.41)
ஏர் ஷோ படங்களில் மஸ்டாங் இறக்கையில் மேகம் தெரிகிறதே? அவ்வளவு பளபளப்பு.

துரு (காலை 10.58)
அவை பிற்காலத்தில் புதுப்பித்து, மணிக்கணக்காக பாலிஷ் போட்ட விமானங்கள். 1944இல் இங்கிலாந்தில் திறந்தவெளியில் நின்று, தினமும் ஜெர்மனி வரை போய்வந்த விமானம் அப்படி இருக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களில் உடலுக்கும் இறக்கைக்கும் ஒளி வேறாக இருப்பதைக் கவனியுங்கள், இறக்கை மங்கலான சாம்பல்.

பழைய_பசை (காலை 11.20)
சண்டைக் களத்தில் புட்டி உதிர்ந்துபோயிருக்கும். எல்லா விமானமும் ஒன்றுபோல் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

துரு (காலை 11.44)
எல்லாம் ஒன்றுபோல் என்று நான் சொல்லவே இல்லை. தேய்ந்திருக்கும், மறுபடி அடித்திருப்பார்கள். அதனால்தான் குறிப்பிட்ட ஒரு விமானத்தைக் கட்டுபவர் அதன் படத்தைப் பார்க்க வேண்டும் என்கிறேன். படம் இல்லாவிட்டால் தொழிற்சாலையில் செய்ததே நம் தொடக்கம். இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் ஃபிளாப், ஐலரான், அப்புறம் துப்பாக்கிக் குண்டு வைக்கும் அறையின் மூடி, இவை பெரும்பாலும் பூச்சில்லாமல் இருந்தன. அந்த வித்தியாசத்தைக் காட்டினால்தான் மஸ்டாங் மஸ்டாங்காகத் தெரியும். இதற்காகவே இந்த விமானத்தை எனக்குப் பிடிக்கும்.

ஈரத்துணி (மதியம் 1.10)
இறக்கை விவாதம் நல்லதுதான், ஆனால் அவருக்கு ஞாயிறு காலைக்குள் முடிய வேண்டும். மேசைவிளக்கு சார், வழியைச் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு (மதியம் 2.05)
சரி. இன்று இரவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்து பெயின்டைத் துடைத்து எடுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். பிளாஸ்டிக் இளகியிருந்தால் ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள், கெட்டியாகும். வெள்ளிக்கிழமை தண்ணீர் தொட்டு 600, 1000, 2000 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேயுங்கள். 2000இல் அவசரப்படாதீர்கள், முக்கால்வாசி பளபளப்பு அங்கேதான் கிடைக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி உலர்த்துங்கள். அதன்பின் விரல் படக் கூடாது.

பெயின்டுக்கு ஈரத்துணி சொன்ன எனாமல் கையில் கிடைத்தால் அதுவே. கரைக்க மினரல் டர்பன்டைன். கிடைக்காவிட்டால் இருக்கும் எக்ஸ்-11ஐ அதற்குரிய எக்ஸ்-20ஏ தின்னரில் கரைத்து அடிக்கலாம், ஆனால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் விட வேண்டும், உங்களுக்கு நாள் போதாது.

அடிக்கும்போது பெயின்ட் பாட்டிலின் அடியைக் குச்சியால் நன்றாகக் கிளறுங்கள், செதிலெல்லாம் கீழே தங்கியிருக்கும். பிரஷ்ஷைத் தோய்த்து, பாட்டில் விளிம்பில் இரண்டு பக்கமும் துடைத்து, முனையில் மட்டும் பெயின்ட் இருக்க வேண்டும். விமானத்தில் காற்று போகும் திசையில், மூக்கிலிருந்து வாலுக்கு. ஒரு பேனல் (தகட்டு) கோட்டிலிருந்து அடுத்த பேனல் கோடு வரை ஒரு இழுப்பு, பக்கத்தில் ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று. அத்தோடு கையை எடுத்துவிடுங்கள். இடம் விட்டுப்போயிருந்தாலும் தொடாதீர்கள், அடுத்த பூச்சில் மூடிக்கொள்ளும். ஃபேன் வேண்டாம். 1/72இல் மஸ்டாங்கின் இறக்கை நுனிக்கு நுனி 16 செ.மீ.கூட வராது, பேனல் பேனலாகப் போனாலும் ஒரு மணி நேர வேலைதான்.

வால்சிறகு (மதியம் 2.30)
சமையலறை அலுமினியத் தாள் ஒட்டலாமே? நிஜ உலோகம், கோடே வராது.

ஈரத்துணி (மதியம் 2.41)
தட்டையான இடத்துக்கு அருமை. மூக்கு, காக்பிட் ஓரம், வால் மூலை இங்கெல்லாம் சுருக்கம் விழாமல் ஒட்டப் பல நாள் பழக்கம் வேண்டும். இந்த வாரம் வேண்டாம்.

துரு (மாலை 4.15)
உடலில் ஓரிரு பேனலுக்கு மட்டும் அதே சில்வரில் கடுகளவு கறுப்பு கலந்து அடியுங்கள், தகடு தகடாகத் தெரியும். எஞ்சினின் பக்கத்துக்கு ஆறு புகைக்குழாய், அதன் பின்னால் பென்சில் தூளை விரலால் லேசாக இழுத்தால் போதும். காக்பிட்டுக்கு முன்னால் மேல்பகுதி ஆலிவ் பச்சை, மங்கலாக. பைலட் கண்ணில் வெயில் கூசாமல் இருக்க அடித்தது, அதில் மினுக்கம் இருக்கக் கூடாது.

பழைய_பசை (இரவு 8.50)
இத்தனை செய்வதற்கு ஒரு ஏர்பிரஷ் வாங்கலாம். சரி, தாள் தேய்ப்பது பற்றிச் சொன்னது சரியானதுதான், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காகிதக்கழுகு (வியாழன், இரவு 11.20)
ஆமாம், இடது இறக்கை ஆரஞ்சுத் தோல் மாதிரிதான் இருக்கிறது. நகம் பதிகிறது. ஆல்கஹாலில் துடைத்துவிட்டேன். எனாமல் ஒரு நண்பரிடம் இருக்கிறதாம், நாளை தருகிறார்.

மேசைவிளக்கு (வெள்ளி, காலை 6.30)
நல்லது. இடது இறக்கையை இன்று மாலைவரை தொடாதீர்கள். அடித்ததும் ஒரு படம் போடுங்கள். பழைய பிளாஸ்டிக் துண்டில் ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு மாடலில் கை வையுங்கள்.

ஈரத்துணி (சனி, இரவு 9.15)
என்ன ஆயிற்று சார்?

காகிதக்கழுகு (ஞாயிறு, மாலை 5.10)
அடித்தேன். இறக்கை சுத்தமாக வந்தது. உடலில் வலது பக்கம் ஒரு கோடு இருக்கிறது, திரும்பத் தொட்டுவிட்டேன். பனியன் துணி வேலை செய்தது, பையன்தான் தேய்த்தான். எல்லாருக்கும் நன்றி. படம் அப்புறம் போடுகிறேன்.

துரு (ஞாயிறு, மாலை 5.32)
மகிழ்ச்சி. டெக்கால் (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டும் முன் மேலே வார்னிஷ் அடித்தீர்களா, இல்லை நேராகவே ஒட்டினீர்களா? வார்னிஷ் அடித்தால் தேய்த்து வந்த மினுக்கம் சாம்பலாகிவிடுகிறது, அடிக்காவிட்டால் நட்சத்திரச் சின்னத்தைச் சுற்றி டெக்காலுக்கு அடியில் காற்று நின்று வெள்ளையாகத் தெரிகிறது. நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று தெரிந்தால் எனக்கும் உதவும்.