கடற்கரை வீட்டு ஏசி: உண்மையிலேயே காஸ்தான் குறைஞ்சதா?

வாவிக்கரை:
நாவலடிப் பக்கம் ஒரு வீடு. 12000 பிடியு ஏசி, காஸ் ஆர்-410ஏ, இன்வேட்டர் (வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓடுற வகை) இல்லை. ரெண்டு கச்சான் காத்துக் காலத்துக்கு ரெண்டு தரம் காஸ் அடிச்சாச்சு, மூண்டாம் தரமும் ஆள் சிலிண்டரோட வந்து நிக்குது. காஸ் என்ன பெற்றோலா, ஓட ஓட முடிய? மூடின பைப்புக்குள்ள சுத்துறது. குறைஞ்சா எங்கயோ ஓட்டை. வெளி யூனிட்டின் பக்க மூடியைக் கழட்டினா, தடிச்ச பைப்பின் நட்டைச் சுத்தி எண்ணெய் கசிஞ்சு அதில தூசி ஒட்டிக் கறுத்துக் கிடக்கு. சவர்க்கார நுரை வச்ச உடன ஒண்டும் இல்லை. துடைக்கப் போற நேரத்தில நட்டின் கீழ்ப்பக்கம் கடுகளவு ஒரு குமிழி. மறுகா இன்னொண்டு. ரெண்டு வருசக் காசும் போன வழி அதுதான்.
நுரை வைக்கிறதெண்டா மெசினை நிப்பாட்டிப் போட்டு வைங்க. ஓடக்குள்ள அந்தப் பைப்பில அழுத்தம் 120 பிஎஸ்ஐ அளவுதான். நிப்பாட்டிக் கொஞ்ச நேரத்தில 200க்கு மேல ஏறும். சின்ன ஓட்டை அப்பதான் வாய் திறக்கும்.

காத்தான்குடி:
நுரை சரி காக்கா, ஆனா எல்லாருக்கும் ஓட்டை எண்டு சொல்லிராதிங்க. முதல்ல ஐஸ் எங்க பிடிக்குதெண்டு பாருங்க. வெளி யூனிட்டடியில மெல்லிய பைப்புல மட்டும் வெள்ளையாப் பிடிச்சா காஸ் குறைவு. உள்ளுக்கு கொயில் (பைப்புச் சுருள்) முழுக்க உறைஞ்சி தடிச்ச பைப்பும் உறைஞ்சா காத்துப் போகுதில்ல. பூநொச்சிமுனைல ஒரு ஊட்டுல பில்டர் பளிச்செண்டு இருந்திச்சி. டோர்ச் அடிச்சி உள்ள பார்த்தா புளோவர் உருளைல இதழுக்கு இதழ் சாம்பல் கம்பளி அடைச்சிக் கிடந்திச்சி. அதுக்குக் காஸ் அடிச்சிருந்தா அளவு கூடிப்போய் கொம்பிரசருக்குத்தான் அடி.

மருதமுனை:
நான் பார்த்த ஒரு ஊட்டுல வெளி யூனிட் கடலைப் பார்த்தபடி, சுவருல. கொயில்ல விரல் பட்ட இடம் அலுமினியம் சாம்பலாக் கொட்டிச்சி. அதைவிடப் பாவம், மாசத்துக்கு ரெண்டு தரம் ஒழுங்காக் கழுவின யூனிட் அது. கழுவினது உவர்க் கிணத்துத் தண்ணில! குழாய்த் தண்ணியால, மெதுவா அடிச்சிக் கழுவணும். பிரஷர் வோஷர் வேணாம், கொயில்ட அலுமினிய இதழ் மடங்கிரும்.

அக்கரைப்பற்று:
உள் யூனிட்டால சுவரெல்லாம் தண்ணி. தண்ணி வடியிற ட்ரெயின் பைப்பை ஊதினா அடைப்பில்ல, சரிவும் சரி. வெளிய போய்ப் பார்த்தா, பூமரத்துக்கு ஊத்த வாளி வச்சிருக்காங்க, பைப் நுனி வாளித் தண்ணிக்குள்ள ஒரு சாண் தாண்டு கிடக்கு. உள்ள சிக்கின காத்துக்கு வெளிய போக வழியில்ல, தண்ணியும் இறங்காது. நுனியை வாளி விளிம்புக்கு மேல தூக்கிக் கட்டினதோட சரி. சேர்விஸ் காசு 0.

கொக்கட்டிச்சோலை:
எல்லாரும் கடல் உப்பையே சொல்றீங்க. வாவிக்கு மேற்கால, படுவான்கரையில உப்பில்லை, பின்னேரம் லைன் நுனியில கரண்ட் விழுறதுதான் பிரச்சினை. ஒரு வீட்டில பேன் சுத்துது, கொம்பிரசர் "ம்ம்ம்" எண்டு உறுமி, சில செக்கன்ல "டிக்" எண்டு நிண்டு போகுது. கொம்பிரசர் செத்துப் போச்செண்டு விலையும் சொல்லிட்டாங்களாம். கொம்பிரசரைத் தொடக்கிவிடுற கபாசிட்டர்ல 35 மைக்ரோபராட் எண்டு எழுத்து, மீற்றர்ல 22. மேல் மூடி கொஞ்சம் உப்பி இருந்தது, அவ்வளவுதான் அடையாளம். உப்பாமலும் இறங்கும், அதனால கண்ணை நம்பாம அளந்து பாருங்க. அஞ்சு, ஆறு வீதத்துக்கு மேல குறைஞ்சா மாத்துங்க, அதே பெறுமதி, வோல்டேஜ் 440க்குக் குறையாம. மெயின் சுவிச்சை இறக்கிப்போட்டு, கபாசிட்டரின் கரண்டை ரெசிஸ்டர் வச்சு வடிய விட்டுத்தான் கை வைக்கணும். நிப்பாட்டின பிறகும் அடிக்கும். மாத்தின பிறகு கொம்பிரசர் தொடங்குற நொடியில வோல்டேஜைப் பாருங்க. 230 வரவேண்டிய இடத்தில 190க்குக் கீழ விழுந்தா புதுக் கபாசிட்டரும் கனநாள் நிக்காது. தடிச்ச வயர், தனிப் பிறேக்கர், பிளக்கடியில கருகல், இதுகளைப் பாருங்க. அரிசி ஆலை ஓடுற நேரத்தில அளந்தாத்தான் உண்மை தெரியும். இன்வேட்டர் மெசினுக்கு இந்தக் கதை பொருந்தாது, அதில எலக்ட்ரோனிக் போர்ட்டைப் பார்க்கணும். பல்லி செத்துக் கிடக்கான்னும் பாருங்க.

வாவிக்கரைத் தம்பி, ஒண்டு கேக்கணும். நட்டை இறுக்கி விட்டீங்களா, பைப் நுனியை வெட்டிப் புதுசா விரிச்சீங்களா? பழைய விரிவில வெடிப்பிருந்தா எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது, கூட இறுக்கினா நட்டே பிளக்கும். பிறகு பைப்புக்குள்ள இருக்கிற காத்தை இழுக்கிற வக்கியூம் பம்பை, உள் அழுத்தம் 500 மைக்ரோனுக்குக் கீழ வரும்வரை ஓட்டி, 410ஏ எண்டா சிலிண்டரைத் தலைகீழாப் பிடிச்சு, யூனிட் பிளேட்டில எழுதின கிராமைத் தராசில நிறுத்துத்தான் ஏத்தணும். மீற்றர் முள்ளைப் பார்த்து "குளிர் வந்திட்டு" எண்டு விட்டிருந்தா, வாற கச்சானுக்கும் நுரை எடுத்து வைங்க.

வாவிக்கரை:
வெட்டித்தான் விரிச்சது அண்ணன். வெட்டின பழைய நுனியைப் பார்த்தா தலைமுடி அளவு கீறல், நீங்க சொன்ன மாதிரியே. தராசு மட்டும் கொண்டு வரல்ல.