இசை இதழின் பொருளடக்கப் பக்கம்: வருணனையைத் தாண்டிப் பகுப்பாய்வு செய்வது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஊடகவியல் பாடத்துக்காக, பிரிட்டனில் 1986 முதல் 2020 வரை வெளிவந்த ‘கியூ’ மாத இதழின் பழைய பொருளடக்கப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இடப்பக்க மேல்மூலையில் சிவப்புச் சதுரத்துக்குள் வெள்ளை எழுத்தாக லோகோ, அதன் கீழே கட்டுரைப் பட்டியல், நடுவில் ஓர் இசைக்குழுவின் பெரிய படம், படத்தின் மேலேயே ஒரு பக்க எண் என்று எழுதிக் கொடுத்தேன். இது வெறும் வருணனை என்று ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டார். சிவப்பு துடிப்பைக் குறிக்கிறது என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
நிறம் எதைக் குறிக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது அந்தப் பக்கத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். லோகோவில் உள்ள அதே சிவப்பு பகுதித் தலைப்புகளிலும் பக்க எண்களிலும் திரும்ப வருகிறதா? வருகிறதென்றால், கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே கண் ஒரு சிவப்பிலிருந்து அடுத்த சிவப்புக்குத் தாவி, எதையும் முழுதாகப் படிக்காமலேயே பட்டியலின் அடிவரை இறங்கிவிடும். படத்தின் மேல் உள்ள எண்ணையும் கவனியுங்கள். படத்தைப் பார்த்து ஆர்வம் கொண்டவர் பட்டியலில் தேட வேண்டியதில்லை. அங்கிருந்தே நேராகக் கட்டுரைக்குப் புரட்டிவிடலாம்.

பதில் 2:
மேலே சொன்னதோடு, இன்னோர் இதழைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எழுதுவதற்கு நிறையக் கிடைக்கும். 1952இல் தொடங்கிய பிரிட்டிஷ் இசை இதழான ‘என்எம்இ’ (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்) வார இதழாக வந்த காலத்தில், அதன் பொருளடக்கப் பக்கத்தில் இசைக்குழுக்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, எதிரே பக்க எண் தரும் பத்தி ஒன்று இருந்தது. செய்தியும் விமர்சனமும் நிகழ்ச்சி அறிவிப்புமாகத் துணுக்குகள் நிறைந்த வார இதழில், தனக்குப் பிடித்த குழு இந்த வாரம் எங்கே வந்திருக்கிறது என்று தேடும் வாசகருக்கு அதுவே போதும். நீண்ட நேர்காணல்களை நம்பும் மாத இதழோ, பெரிய படத்தையும் தலைப்புக்குக் கீழே ஓரிரு வரி அறிமுகத்தையும் காட்டித்தான் ஆளை உள்ளே இழுக்க முடியும். வாசகர் யார், எதைத் தேடி வருகிறார் என்ற கேள்விக்கு வடிவமைப்பு தரும் விடையை எழுதினால் அது பகுப்பாய்வு ஆகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். நெவில் பிராடி வடிவமைத்த ‘தி ஃபேஸ்’ என்ற பிரிட்டிஷ் இசை, நாகரிக இதழில், ‘பொருளடக்கம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பையே படிக்க முடியாதபடி சிதைத்திருக்கிறார்களே, அதைக் குறை என்று எழுதலாமா?

பதில் 1:
எழுத வேண்டாம். 1980களின் நடுவில் அவர் அந்தத் தலைப்பின் எழுத்துகளை இதழுக்கு இதழ் சிறிது சிறிதாகக் குலைத்து, கடைசியில் வெறும் குறிகளாகவே ஆக்கினார். அந்தப் பக்கம் எதற்கு என்பது வழக்கமான வாசகருக்கு முன்பே தெரியும். எனவே அங்கே படிக்கத் தேவையே இல்லாத சொல் அந்தத் தலைப்புதான். பக்க எண்களில் அப்படிக் கைவைத்திருந்தால் பக்கமே பயனற்றுப் போயிருக்கும். உங்கள் ‘கியூ’ பக்கத்திலும் ஒவ்வோர் உறுப்பாக மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தபோது வழி தவறியது, எதை மறைத்தும் ஒன்றும் குறையவில்லை என்பதை எழுதித் தாருங்கள்.