டெஸ்ட் ஹார்னஸுக்குச் சேணம் வேண்டாம் அண்ணை

வணக்கம் அண்ணை,

ஃப்ளிங்க், அதான் ஓயாம வாற தரவை வர வரக் கையாளுற மென்பொருள், அதின்ர தமிழ்க் கையேட்டில நீங்கள் டெஸ்ட் ஹார்னஸுக்கு "சோதனைச் சேணம்" எண்டு போட்டதை ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தன், எனக்கு ஒட்டேல்ல. சேணம் எண்டா குதிரை. திருகோணமலையில கோட்டைக்குள்ள போனா மான் நிக்கும், குதிரை நான் கண்டதில்ல. சரி, அது பகிடிக்கு. ஆனா சேணம் ஏறி ஓடுறதுக்குக் கட்டுறதெல்லோ, ஃப்ளிங்கில இருக்கிற ஹார்னஸின்ர வேலை வேற. நாங்கள் எழுதின ஒபரேட்டரை, அதாவது தரவில ஒரு வேலையைச் செய்யிற கோட் துண்டை, மட்டும் தனியா எடுத்து அதுக்குள்ள இறக்கிறம், கன கணினி சேந்த கிளஸ்டரும் இல்ல தரவு கொண்டுவாற காஃப்காவும் இல்ல, ஆனா ஞாபகம் வைக்கிற ஸ்டேட் இருக்கு குறிச்ச நேரத்துக்கு அடிக்கிற டைமர் சேர்விஸ் இருக்கு, ஒவ்வொரு ரெக்கோட்டா ஊட்டிப்போட்டு என்ன வெளியில வருது எண்டு பாக்கிறம், ஒபரேட்டருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இதை எங்கட கரையில பாக்கலாம். அவுட்போட் மோட்டர் திருத்தினவர் உடன அதைப் போட்டில பூட்டிக் கடலுக்குக் கொண்டுபோறேல்ல, பீப்பாயில தண்ணி நிரப்பி, மோட்டரின்ர காலை அதுக்குள்ள விட்டு ஸ்டார்ட் பண்ணுவார். தண்ணி இல்லாம ஓடவிட்டா பம்ப் கருகிப்போம். ஒபரேட்டரைத் தயார்ப்படுத்திற ஓப்பின் எண்ட ஃபங்ஷனைக் கூப்பிடாமலே ரெக்கோட் குடுத்து எக்ஸெப்ஷன், அதான் பிழை, வாங்கிற ஆக்களுக்கு இது விளங்கும், நானும் வாங்கினனான். அதால என்ர சொல் "சோதனைத் தொட்டி". பீப்பாய் எண்டுதான் முதல் வந்தது, கையேட்டில எழுதினா எண்ணெய் யாவாரம் மாதிரிக் கிடந்துது.

இனி நேரம். அஞ்சு நிமிசம் ஒரு சென்சரும் கதைக்கேல்லயெண்டா எச்சரிக்கை விடுற டைமர் எண்டு வைப்பம், அதைப் பாக்க அஞ்சு நிமிசம் குந்தியிருக்க ஏலாது. முந்தி வேலை செய்த இடத்தில டைமரை ரெண்டு செக்கனாக்கி, மூண்டு செக்கன் ஸ்லீப் போட்டு டெஸ்ட் எழுதினம், என்ர லப்டொப்பில பாஸ், பில்ட் மெஷினில லோட் ஏறினா ஃபெயில், திரும்ப ஓடவிட்டா பாஸ், கடைசியில ஒருத்தரும் அந்த டெஸ்டை நம்பேல்ல. தொட்டிக்குள்ள நேரம் தானா ஓடாது, நாங்கள் தள்ளினாத்தான் நகரும். தள்ளுவண்டி மாதிரி "தள்ளுநேரம்" எண்டு வைப்பமே? தள்ளுபடி மாதிரிக் கேக்குது எண்டு சொல்லுவியள், தெரியும். "செயற்கை நேரம்" எண்டா ஆர் நகர்த்திறது எண்டு தெரியேல்லயே.

இன்னொண்டு, தள்ளுறதுக்கு ரெண்டு நேரம் கிடக்கு. 1996இல நாட்டின்ர நேரத்தை மாத்தினதில இருந்து 2006இல திரும்ப ஐந்தரைக்கு வருமட்டும் "பழைய நேரமோ புது நேரமோ" எண்டு கேட்டுத் திரிஞ்சமே, அதே கூத்துத்தான். புரோசெசிங் டைம் எண்டா ரெக்கோட் கையாளுற நேரம், ஈவென்ட் டைம் எண்டா விசயம் நடந்த நேரம். புரோசெசிங் டைமை எவ்வளவு தள்ளினாலும் ஈவென்ட் டைம் டைமர் அசையாது, அதுக்கு வோட்டர்மார்க் வேணும், இந்த நேரம் மட்டும் நடந்ததெல்லாம் வந்திட்டுது எண்டு சொல்லுற குறி. டைமர் 5000இல வைச்சா 4999 வோட்டர்மார்க்குக்குப் பேசாமக் கிடக்கும், 5000 குடுத்தா அடிக்கும். ஈவென்ட் டைமுக்கு "நிகழ்நேரம்" எண்டு போடவும் ஏலாது, அதை ரியல் டைம்காரர் எப்பவோ எடுத்திட்டினம். விடிய ரெண்டு மணிக்குப் பட்ட மீன், ஆறு மணிக்குத் தராசுக்கு வருது: "பட்ட நேரம்", "வந்த நேரம்". பட்ட நேரம் கொஞ்சம் துக்கமாக் கேக்குதோ? அப்ப "நடந்த நேரம்" எண்டே விடுவம்.

வோட்டர்மார்க்குக்கு நீங்கள் போட்ட "நீர்க்குறி"யில எனக்குக் காசுத்தாள்தான் தெரியுது, ஆனா வேற சொல் இன்னும் அம்பிடேல்ல.