பொருள்: இடைநிற்றலும் புழக்கத் தேய்வும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எண்ணிம (டிஜிட்டல்) மருத்துவ ஆய்வறிக்கைகளில் வரும் 'அட்ரிஷன்' (ஆய்வில் சேர்ந்தவர்கள் நாளடைவில் குறைந்துபோவது) என்பதற்கு 'இடைவிலகல்' போதும் என்று முந்தைய மடலில் ஐயா எழுதியிருந்தார்கள். ஒரு சொல் போதாது என்பது என் கருத்து. எண்ணிம மருத்துவ ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2005-இலேயே இதை இரண்டாகப் பிரித்துவிட்டார்: ஆய்வாளரின் தொடர்பிலிருந்தே ஒருவர் போய்விடுவது ஒன்று, ஆய்வில் இருந்துகொண்டே செயலியைத் தொடாமல் விடுவது மற்றொன்று. இத்தகைய ஆய்வுகளின் அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2011-இல் வெளிவந்த கன்சார்ட்-ஈஹெல்த் வழிகாட்டியும், எத்தனை பேர் எதுவரை பயன்படுத்தினார்கள் என்பதைக் காலவாரியாக வரைபடத்தில் காட்டும்படி வலியுறுத்துகிறது.

நம் பக்கத்து நிலைமையில் வைத்துப் பார்க்கலாம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் சர்க்கரை நோய்ச் செயலி ஒன்று தாயாரின் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அதை மகன் வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார், மாத்திரை நேரத்து நினைவூட்டல் அவர் சட்டைப்பையில் அடித்து ஓய்கிறது. தாயாரோ கடைசிப் பரிசோதனைக்குத் தவறாமல் வந்து விரலைக் குத்தக் கொடுக்கிறார். அறிக்கையில் அவர் 'ஆய்வை நிறைவு செய்தவர்'. இடையில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்ததால் சர்க்கரை குறைந்திருந்தால், அந்தப் பெருமையும் செயலியின் கணக்கில் ஏறிவிடும். நூறு பேரில் தொண்ணூறு பேர் முடித்தார்கள் என்று எழுதிவிட்டு, செயலியைத் திறந்தவர் எத்தனை பேர் என்று எழுதாத அறிக்கையை நான் பாதி அறிக்கை என்றே சொல்வேன்.

முதல் வகைக்கு 'ஆய்வு விலகல்' வேண்டாம். நெறிமுறை மீறலைக் குறிக்கும் 'நெறிமுறை விலகல்' பக்கத்திலேயே நிற்பதால் குழப்பம் வரும். பள்ளிக் கல்வியில் வேரூன்றிவிட்ட 'இடைநிற்றல்' இங்கும் பொருந்தும். இரண்டாவதற்கு நம் குழுமத்து அம்மையார் முன்வைத்த 'கைவிடல்' பழியை நோயாளியின் மேல் போடுகிறது. மேலே சொன்ன தாயார் எதைக் கைவிட்டார்? 'புழக்கத் தேய்வு' என்று நான் முன்மொழிகிறேன். புழக்கம் பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை, வாரம் வாரமாகக் குறைகிறது. வரைபடத்தையும் 'தேய்வு வரைபடம்' என்றே சொல்லிவிடலாம். ('தேய்மானம்' கணக்காளர்களிடமே இருக்கட்டும்.)

மதுரையிலிருந்து,
மொழிபெயர்ப்பாளன்

மறுமொழி:

ஐயா, வணக்கம்.

'கைவிடல்' என்பதை நான் விட்டுவிடுகிறேன். 'இடைநிற்றல்' குறித்தும் மறுப்பில்லை. ஆனால், செயலியை ஒருநாளும் திறக்காதவரின் புழக்கம் தேய்ந்தது என்று எப்படி எழுதுவது? இருந்தால்தானே தேயும்? அவர்களை 'தொடங்காதோர்' என்று தனியே எண்ணிவிட்டு, தொடங்கிய பின் குறைந்ததை மட்டும் 'புழக்கத் தேய்வு' என்று சொல்வதானால் எனக்கு உடன்பாடே. வரையறையில் இன்னொரு வரியும் சேர வேண்டும்: எத்தனை நாள் திறக்காமல் இருந்தால் தேய்வாகக் கொள்வது என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே முடிவு செய்து அறிக்கையில் எழுத வேண்டும். தினமும் திறக்க வேண்டிய மாத்திரைச் செயலிக்கும், மாதம் ஒருமுறை மட்டும் வேலையுள்ள கர்ப்பகாலச் செயலிக்கும் ஒரே கெடு பொருந்தாது.