இலங்கை மூங்கிலில் மலசலகூடக் கடதாசி: உறையில் ‘நியாய வணிகம்’ என்று எழுத என்ன வேண்டும்?

வினா: வெள்ளவத்தை விநியோகஸ்தர்

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலும் நீர்கொழும்பு வரையான கரையோரத்திலும் உள்ள சிறிய விருந்தினர் விடுதிகளுக்குச் சவர்க்காரம், துவாய், மலசலகூடக் கடதாசி முதலியவற்றை விநியோகிக்கும் தொழிலொன்றை வெள்ளவத்தையிலிருந்து நடத்தி வருகிறேன். நம் வீடுகளில் தண்ணீரே பழக்கம் என்பதால் இக்கடதாசியின் தேவை பெரும்பாலும் விடுதிகளிலும் அலுவலகங்களிலுமே இருக்கிறது. மரத்தை வெட்டாமல் மூங்கிலில் செய்த கடதாசி கிடைக்குமா என்று விடுதி உரிமையாளர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். சீனாவில் செய்த சுருள்களை இறக்குமதி செய்து கொடுக்கலாம். ஆனால் பேராதனைப் பூங்காவிலும் மகாவலிக் கரையிலும் மலையகத் தோட்டங்களின் ஓடைக்கரைகளிலும் மூங்கில் இவ்வளவு செழித்து வளரும்போது, அதை ஏன் இங்கேயே செய்யக்கூடாது என்ற எண்ணம் என்னை விடவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கடதாசி வாங்க டொலர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம்.

என் கேள்வி இதுதான். சிறிய அளவில் மூங்கிலைக் கூழாக்கி இங்கே கடதாசி செய்ய இயலுமா? அப்படிச் செய்தால், மூங்கிலை வளர்ப்பவருக்கும் வெட்டுபவருக்கும் உரிய விலை போய்ச் சேர்ந்தது என்று உறையில் மனச்சாட்சியோடு அச்சிடுவதற்கு நான் எவற்றை உறுதிப்படுத்த வேண்டும்?

பதில் 1: கூழ்த் தொழில்நுட்பர்

உங்கள் கேள்வியின் முதற்பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனெனில் அதிலேயே இத்தொழிலின் மிகக் கடினமான இடம் இருக்கிறது.

நாரின் தரத்தில் குறையொன்றும் இல்லை. வைக்கோல் நார் ஒரு மில்லிமீற்றரை எட்டுவதே அரிது. மூங்கில் நாரோ பொதுவாக ஒன்றரை முதல் மூன்று மில்லிமீற்றர் வரை நீளமுடையது. ஆகவே மெல்லிய தாளிலும் வலிமை கிடைக்கிறது. மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது என்பதால், முற்றிய தண்டுகளை மட்டும் வெட்டி இளந்தண்டுகளை விட்டால் நிலத்தடிக் கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும், மறுநடுகை தேவையில்லை. நடைமுறையில் மூன்று வயதைக் கடந்த தண்டுகளே வெட்டத்தக்கவை. வெட்டிய தண்டுகளை நெடுநாள் குவித்து வைக்கவும் முடியாது, ஏனெனில் அவற்றிலுள்ள மாப்பொருளைத் தேடித் துளைக்கும் வண்டுகள் வந்துவிடும்.

சிக்கல் கூழாக்குவதில் இருக்கிறது. சீவல்களாக்கிய மூங்கிலைக் கோஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைட்டும் கலந்த கரைசலில், அழுத்தக் கலத்துக்குள் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் வேகவைக்கிறார்கள். நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் கரைந்து, கன்னங்கரிய கழிவுக்கரைசலாக வெளியேறுகிறது. பெரிய ஆலைகள் அக்கரைசலைச் செறிவாக்கி, அதற்கென்றே கட்டிய கொதிகலனில் எரித்து, நீராவியையும் இரசாயனங்களையும் மீட்டுக்கொள்கின்றன. அந்தக் கொதிகலன் பெருமுதலீடு கேட்பது. நாளொன்றுக்குச் சில தொன் கூழ் செய்யும் ஆலைக்கு அது ஒருபோதும் கட்டுப்படியாகாது. போதாததற்கு, மூங்கிலில் உள்ள சிலிக்கா செறிவாக்கும் கலங்களின் குழாய்களில் படலமாகப் படிந்து வேலையைத் தடுக்கிறது. வைக்கோலில் சிலிக்கா இன்னும் பன்மடங்கு அதிகம். வைக்கோலை நம்பி எழுந்த எம்பிலிப்பிட்டியக் கடதாசி ஆலையின் கழிவு வளவை கங்கையை எப்படி மாசுபடுத்தியது என்பதைத் தென்மாகாணத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மீட்புக் கொதிகலன் இல்லாத சிறிய கூழாலை எந்த ஆற்றின் கரையில் அமைந்தாலும் அதன் முடிவு அதுவே. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உரிமம் பெறாமல் இவ்வேலையைத் தொடங்கவும் முடியாது; அந்த நிபந்தனை சரியானது என்பதே என் உறுதியான கருத்து.

அளவையும் எண்ணிப் பாருங்கள். உலர்ந்த மூங்கிலின் எடையில் பாதிக்கும் குறைவே கூழாகக் கிடைக்கிறது. வெட்டியவுடன் இருக்கும் பச்சைத் தண்டிலோ ஏறத்தாழப் பாதி எடை நீர். ஆகவே ஒரு தொன் கூழுக்கு நான்கு தொன்னுக்கும் மேற்பட்ட பச்சை மூங்கிலை மலையிலிருந்து இறக்க வேண்டும். ஓடைக்கரைகளில் சிதறிக் கிடக்கும் புதர்கள் மண்ணரிப்பைத் தடுத்துக்கொண்டிருப்பவை. அவற்றை ஆலையொன்றுக்கு இரையாக்கினால் சுற்றாடலைக் காப்பதாகச் சொல்ல நமக்கு உரிமை இருக்காது.

இன்னொன்று. மூங்கில் என்பதால் மட்டுமே கரிம வெளியேற்றம் குறைந்துவிடுவதில்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2025இல் வெளியிட்ட ஆய்வில், நிலக்கரி மின்சாரத்தில் இயங்கும் சீன ஆலைகளின் மூங்கில் மென்கடதாசி, அமெரிக்காவில் மரக்கூழில் செய்ததைவிட அதிக வெளியேற்றம் கொண்டிருந்தது. ஈரத்தாளைச் சூடான பெரும் உருளையில் உலர்த்திச் சுரண்டியெடுக்கும்போதுதான் அந்த மென்மையான சுருக்கம் உண்டாகிறது. அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பது நாரின் இனத்தைவிட முக்கியமாகிவிடுகிறது.

பதில் 2: மலையகக் கூட்டுறவாளர்

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்வியே எனக்கு நெருக்கமானது. மூங்கில் வணிகத்தில் நியாயமும் அநியாயமும் தீர்மானிக்கப்படுவது புதரடியிலும் தராசிலுமே. உறையை அச்சிடும் இடத்தில் அதைச் சரிசெய்ய முடியாது.

அண்டை நாட்டு வரலாறு ஒன்றைச் சொல்கிறேன். கர்நாடகத்தின் தாண்டேலியில் 1958ஆம் ஆண்டளவில் அமைந்த கடதாசி ஆலைக்கு அரசு காட்டு மூங்கிலை ஒரு தொன் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தது. அதே மூங்கிலில் கூடை முடைந்து பிழைத்தவர்கள் சந்தை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பின்னர் புதர்கள் அழியத் தொடங்கியபோது பழி கூடை முடைபவர்கள் மேல் விழுந்தது. சூழலியலாளர் மாதவ் காட்கில் களத்தில் இறங்கி ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரியவந்தது. வெட்டுவதற்கு வசதியாகப் புதரடியிலுள்ள முள்வேலி போன்ற கிளைகளை ஆலைக்காரர்கள் அகற்றியதால், முளைத்துவந்த குருத்துகளைக் கால்நடைகள் மேய்ந்துவிட்டன. கூடை முடைபவர்களோ அம்முட்களைத் தொடாமல் மேலே வெட்டியவர்கள். மலிவான விலை எவ்வளவு தூரம் கவனக்குறைவுக்கு இடம் கொடுத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நேரெதிரான உதாரணம் மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேண்டா லேகா கிராமம். இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலை மரமாகக் கருதாமல் சிறு வன விளைபொருளாக ஏற்றுக்கொண்டதன் பயனாக, 2011இல் அவ்வூரின் கிராமசபையே தன் மூங்கிலை வெட்டி விற்கும் உரிமையைப் பெற்றது. எதை வெட்டுவது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பவற்றை ஊரே கூடி முடிவு செய்யும் அந்த ஏற்பாடே என் பார்வையில் நியாய வணிகத்தின் உயிர்நாடி.

நம் நாட்டுக்கு வருவோம். தோட்டத்து ஓடைக்கரை மூங்கில் தோட்ட நிறுவனத்தின் குத்தகை நிலத்தில் நிற்கிறது. லயத்தில் வாழும் தொழிலாளிக்கு அதில் உரிமை இல்லை. அங்கிருந்து மூங்கில் வாங்கிவிட்டு மலையக மக்களுக்கு நன்மை செய்தோம் என்று எழுதினால் அது உண்மையாகாது. வெட்டுக்கூலி மட்டுமே அவர்களுக்குக் கிடைத்திருக்கும். சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களிடமிருந்தோ வீட்டுத் தோட்டக்காரர்களிடமிருந்தோ வாங்கினால் நிலை வேறு. அப்போதும் தராசைக் கவனியுங்கள். வெட்டிய மூங்கில் நாளுக்கு நாள் ஈரமிழந்து எடை குறைகிறது. வாங்குபவரின் லொறி ஒரு வாரம் தாமதித்தால் அந்த இழப்பு முழுவதும் வளர்த்தவர் தலையில் விழுகிறது. ஆகவே வெட்டிய அன்றே ஊரில் வைத்து நிறுப்பது, அல்லது ஈரப்பதத்தை அளந்து உலர் எடைக்கு விலை கொடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் எழுதுங்கள்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, எப்.எஸ்.சி. (வனப் பொறுப்புரிமை மன்றம்) முத்திரை காடு எவ்வாறு பேணப்பட்டது என்பதைப் பேசுகிறது. வளர்த்தவருக்கான குறைந்தபட்ச விலையை அது நிர்ணயிப்பதில்லை. நியாய வணிகச் சான்றான ஃபெயார்ட்ரேட் முத்திரையுள்ள நம் தேயிலையில், விலைக்கு மேலாகக் கிலோவுக்கு 50 அமெரிக்க சதம் மேலதிகத் தொகை தொழிலாளர் தெரிவுசெய்த குழுவிடம் போகிறது. அதை எதற்குச் செலவிடுவது என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். உலக நியாய வணிக அமைப்பின் சான்றோ தனியொரு பொருளைப் பாராமல் நிறுவனம் முழுவதன் நடத்தையையும் பரிசீலிக்கிறது. உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு அந்த வழியே பொருத்தமானது என்று கருதுகிறேன்.

வெள்ளவத்தை விநியோகஸ்தர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கூழாலை என்ற எண்ணத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன். மூங்கில் கூழில் செய்த பெருஞ்சுருள்களை இறக்குமதி செய்து, கொழும்புக்கு அருகிலேயே வெட்டிச் சுற்றிப் பொதிசெய்வது எனக்கு இயலக்கூடியது. அவ்வாறெனில் அது உண்மையிலேயே மூங்கில்தானா என்பதை நான் எப்படி அறிவது? வெளுக்காத பழுப்புத் தாள் நல்லதா?

பதில் 3: கொத்தட்டுவ ஆய்வுகூடம்

சந்தேகப்படுவது நியாயமே. பிரித்தானிய நுகர்வோர் அமைப்பான ‘விச்’ 2024இல் மூங்கில் என்று விற்கப்பட்ட ஐந்து வர்த்தகப் பெயர்களின் நார்களைச் சோதித்தபோது, மூன்றில் மூங்கில் மிகக் குறைவாகவே இருந்தது; அம்மூன்றின் மீதிப் பங்கில் விரைவாக வளரும் மரங்களின் நார்களே காணப்பட்டன. நுண்ணோக்கியின் கீழ் மூங்கில் நாரையும் மரநாரையும் பிரித்தறிய முடியும். ஆகவே விற்பனையாளரின் சான்றிதழோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கொள்கலனிலிருந்தும் மாதிரி எடுத்து நார்ச் சோதனை செய்வதை கொள்வனவு ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஈரத்தில் கிழியாதிருக்கச் சேர்க்கும் பிசின் இல்லாத தாளைக் கேளுங்கள். அது சமையலறைத் தாளுக்கு உரியது. கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் சென்று முடிகின்றன. கரையாத தாள் வழியில் அடைக்கும், அல்லது கடலுக்கே போகும். ஒரு துண்டை நீர் நிரப்பிய போத்தலில் இட்டுச் சில தடவை குலுக்கினால் அது நார்நாராகப் பிரிய வேண்டும்.

பதில் 4: கூழ்த் தொழில்நுட்பர்

பழுப்புத் தாளைப் பற்றிக் கேட்டீர்கள். வெளுக்காத கூழில் ஒரு முழுப் படிமுறையும் அதன் கழிவுநீரும் மிச்சமாகின்றன. ஆகவே விடுதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் அதையே வாங்குங்கள். வெள்ளைதான் வேண்டுமென்றால் ஒட்சிசனும் ஐதரசன் பெரொட்சைட்டும் கொண்டு வெளுத்ததா, குளோரீன் ஈரொட்சைட்டால் வெளுத்ததா என்று கேளுங்கள், முன்னதே மேலானது. ஆலையின் கொதிகலன் எந்த எரிபொருளில் இயங்குகிறது என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

கொழும்பு அலுவலகங்களின் வெள்ளைக் கழிவுத்தாளையும் மறந்துவிட வேண்டாம். அதைக் கூழாக்க லிக்னினைக் கரைக்கத் தேவையில்லை. நீரும் மை நீக்கும் சவர்க்காரப் பொருள்களும் போதும், கரிய கழிவுக்கரைசலும் வராது. கடைகளின் வெப்ப அச்சுப் பற்றுச்சீட்டுகளை மட்டும் முன்கூட்டியே பிரித்தெடுக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் பூச்சிலுள்ள பிஸ்பெனோல் என்னும் இரசாயனம் கூழில் கலந்துவிடும். அந்தத் தாளைத் தெருத்தெருவாகச் சேகரித்துப் புறக்கோட்டைக்குக் கொண்டுவருபவர்களுக்கும் மேலே கூட்டுறவாளர் சொன்ன தராசும் உடனடிக் கொடுப்பனவும் அப்படியே பொருந்தும். நீங்கள் நேரில் சென்று பேசி விலை முடிவு செய்யக்கூடிய மக்கள் அவர்களே. முதல் ஒப்பந்தத்தை அவர்களோடு எழுதுங்கள்.