புதுப்பிப்பு: இளநிலைக் கணித இறுதியாண்டு இலக்குகளின் இப்போதைய நிலை

இறுதியாண்டின் தொடக்கத்தில், ஐஐடி முதுநிலைச் சேர்க்கைக்கான ஜாம் தேர்வுக்குத் தயாராவது, இணையவழிப் பாடத்தளமான என்பிடெல் வழியாக மெய்ப்பகுப்பாய்வு (மெய்யெண்களையும் அவற்றின் மீதான சார்புகளையும் துல்லியமாக ஆராயும் கணிதப் பிரிவு) பயில்வது, கூச்சமின்றி நாலு பேர் முன் பேசுவது என மூன்று இலக்குகளை இங்கே எழுதியிருந்தேன். அவை எந்த அளவில் இருக்கின்றன என்று சிலர் கேட்டதால் இதைப் பதிகிறேன்.

என்பிடெல் பாடம் முடிந்துவிட்டது. வாராந்திர ஒப்படைப்புகளில் 25க்கு 10, நேரில் எழுதும் தேர்வில் 75க்கு 30 எடுத்தால் சான்றிதழ் கிடைத்துவிடும் என்பதால், அதை மட்டும் வைத்து ஒருவரின் ஆழத்தை அளக்க முடியாது என்பது என் கருத்து.

உண்மையான சோதனை ஜாம் தேர்வின் இரண்டாம் பகுதிதான். அங்குள்ள 10 வினாக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். அனைத்தையும் சரியாகத் தேர்ந்தால் மட்டுமே மதிப்பெண் உண்டு, பாதி மதிப்பெண் கிடையாது. ஆகவே, தேற்றங்களை மனப்பாடம் செய்வதைக் குறைத்து, அவை எங்கே பொய்க்கின்றன என்பதற்கான எடுத்துக்காட்டுகளைத் தனி நோட்டில் எழுதிவருகிறேன். (0,1) இடைவெளியில் 1/x தொடர்ச்சியான சார்பு, ஆனால் சீரான தொடர்ச்சி (ஒரே நெருக்க அளவு இடைவெளி முழுவதற்கும் போதுமானதாக இருப்பது) அதற்கு இல்லை என்பதே அதன் முதல் பக்கம்.

பேசும் பழக்கத்துக்கு அந்த நோட்டே கைகொடுத்தது. சனிக்கிழமைகளில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு அதிலிருந்து ஒன்றைக் கரும்பலகையில் விளக்குகிறேன், அவர்கள் கேட்கும் “ஏன்?” பேராசிரியர்கள் கேட்பதைவிடக் கடினமாக இருக்கிறது. இவற்றுக்காக விடியற்காலையில் படிக்க ஓர் அட்டவணையும் வைத்திருந்தேன்; விடுதியில் அது எடுபடவில்லை, மாலைக்கு மாற்றிவிட்டேன்.