சித்திரை, வைகாசியில பூத்தது: எதுக்குப் பக்கத்துல எதை வச்சீங்க?

லாஸ்பேட்டை வாசல்

மனசுல உறுத்திட்டே இருக்கு, அதான் எழுதறேன். எங்க வாசல்ல குண்டுமல்லிப் புதருக்கு அடியில மாமியார் வச்ச ஃபுட்பால் லில்லிக் கிழங்கு இருக்கு. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மாசி வரைக்கும் இருக்கற இடமே தெரியாது. கோடை மழை ஒன்னு விழுந்தா தண்டு மேல வந்து செவப்பா உருண்டையா விரிஞ்சு நிக்கும். இந்தத் தடவை மல்லியும் அதே நேரத்துல கொத்துக் கொத்தா மொட்டு விட்டுச்சு. மேல வெள்ளை, கீழ செவப்பு. தெருவுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போனாங்க.

காலையில வர்ற பூக்காரம்மாவும் நின்னாங்க. இடுப்புல இருந்த கூடையை இறக்கல. கம்பிக் கேட்டுக்குள்ள கையை விட்டு மல்லிக் கிளையை லேசா தூக்கி, அடியில மண்ணைப் பாத்தாங்க. "இது ரெண்டையும் ஒன்னா வச்சது யாரும்மா? ஒன்னுக்கு வேலை பாத்தா இன்னொன்னு போயிடும்"னு சொன்னாங்க. ஏன்னு கேக்கறதுக்குள்ள ஸ்கூல் வேன் வந்துடுச்சு, நான் பிள்ளையை ஏத்தப் போயிட்டேன். அதுக்கப்புறம் அந்தம்மா எங்க தெருவுக்கு வரவே இல்ல. இப்ப வேற ஒருத்தர் வர்றாங்க.

அவங்க என்ன நெனச்சு அப்படிச் சொன்னாங்க? ரெண்டும் நல்லாத்தானே பூக்குது?

மஞ்சக்குப்பம் பின்கட்டு

அக்கா, உங்க கேள்விக்கு எனக்கு பதில் தெரியல. ஆனா "ஒன்னா வச்சது யாரு"ங்கற கேள்வியை நானும் கேட்டிருக்கேன்.

எங்க பின்கட்டுல அடுக்கு நந்தியாவட்டையும் அரளியும் பக்கத்துப் பக்கத்துல. வெயில் ஏற ஏற ரெண்டும் பூத்துத் தள்ளும், சாமிக்கு வெளிய பூ வாங்கறதே இல்ல. சித்திரை கடைசியில ஒரு நாள் காலையில பாத்தா நந்தியாவட்டை நுனிக்கிளையெல்லாம் மொட்டை. கீழ மிளகு மாதிரி எச்சம் கொட்டிக் கிடக்கு. தேடித் தேடிப் பாத்தேன், ஒன்னும் கண்ணுல படல. அப்புறம்தான் நான் பாத்துட்டிருந்த இலையே நகருதுன்னு தெரிஞ்சுது. விரல் மொத்தத்துக்கு ஒரு புழு, அதே பச்சை. ஒரு ஈர்க்குச்சியால தொட்டேன். தலையை உள்ள இழுத்துக்கிச்சு, கழுத்துப் பக்கம் உப்புச்சு, ரெண்டு நீலக் கண்ணு தொறந்துச்சு. நடுவுல வெளுப்பு, சுத்தி கறுப்பு வளையம். நான் பின்னாடி நகந்துட்டேன். அது கண்ணு இல்ல, வெறும் பொட்டுதான்னு படிச்சிருக்கேன். ஆனாலும் அந்த நேரத்துல அது என்னைப் பாத்த மாதிரியேதான் இருந்துச்சு.

மருந்து அடிக்கலாம்னு எடுத்தேன். அப்பா வேணாம்னுட்டார். "அரளிப் பாலைக் குடிச்சே உசுரோட இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்"னார். கொஞ்ச நாள்ல புழு பழுப்பா மாறி சருகுக்குள்ள இறங்கிடுச்சு. பச்சையும் ரோஸும் கலந்த பெரிய அந்துப்பூச்சியா வரும்னு சொல்றாங்க, நான் காத்துக்கிட்டே இருந்தேன், பாக்க முடியல. செடி ரெண்டும் துளிர்த்து மறுபடி பூத்துடுச்சு.

அரளியும் நந்தியாவட்டையும் ஒரே குடும்பம். ரெண்டையும் சேத்து வச்சா அந்தப் புழுவுக்கு ரெண்டு இலை போட்ட கணக்கு. இப்பவும் பிரிக்க மனசு வரல.

வில்லியனூர் தோட்டம்

முதல்ல எழுதின அம்மாவுக்கு. பூக்காரம்மா சொன்னது சரி, காரணம் சத்து. மல்லி பெருந்தீனி. அடியில கிழங்கு வச்சா மல்லிக்குப் போக வேண்டியதை அது இழுத்துக்கும். எங்க வீட்டுலயும் மல்லி அடியில மழை லில்லி இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன், அவ்வளவுதான் என் கதை.

ஆனா மல்லி வச்சிருக்கறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும். நவம்பர் கடைசி வாரத்துல கவாத்து பண்ணிடணும். தரையில இருந்து ஒன்னரை அடி, அதாவது 45 செ.மீ.ல இருந்து 50 செ.மீ. விட்டு மீதியை வெட்டுங்க. காஞ்ச குச்சி, உள்பக்கம் பாத்துப் போற கிளை எல்லாம் போகட்டும். இருக்கற இலையையும் உருவிடுங்க. சுத்தி மண்ணைக் கொத்தி மக்கின எரு போடுங்க. அப்பதான் மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் பூ நிக்காம வரும். மல்லி பூக்கறது புதுத் துளிர் நுனியில. பழைய கிளையை அப்படியே விட்டா நீட்டமா கொடி ஓடும், பூ இருக்காது.

மொட்டு வந்ததும் மொட்டுப்புழு வரும். மொட்டுல ஓட்டை போட்டு, பக்கத்து மொட்டையும் சேத்து நூல் கட்டி வச்சிருக்கும். அந்தக் கொத்தைக் கிள்ளி எரிச்சிடுங்க, செடி மேலயே விடாதீங்க. வேப்பெண்ணெய் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து, பூ பறிச்சு முடிச்சதும் சாயந்திரமா அடிங்க. வெயில்ல அடிச்சா இலை கருகும். தலையில வைக்கற பூங்கறதால கடையில குடுக்கற விஷ மருந்து பக்கமே போகாதீங்க. தண்ணி வேர்ல நிக்கக் கூடாது. நிழல் ஆகவே ஆகாது. சுவர் ஓரம் வச்சிருந்தா சுவர்ல இருந்து ரெண்டடியாவது தள்ளி வைங்க.

தேவனாம்பட்டினம்

"நிழல் ஆகவே ஆகாது"ன்னு மேல சார் எழுதினதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

எங்க வீட்டுல பெரிய மாமரம் ஒன்னு இருந்துச்சு. அதுக்குக் கீழ கனகாம்பரம், ஓரத்துல ஒரு மல்லி. கனகாம்பரம் அந்த அரை நிழல்ல வருஷம் பூரா பூக்கும். மல்லி பேருக்கு இருந்துச்சு, சீசன்ல கூட ஒரு கிண்ணம் தேறாது. அம்மா அதைக் குறையாவே சொன்னதில்ல. ரெண்டையும் கலந்து கட்டுவாங்க, நாலு கனகாம்பரத்துக்கு ஒரு மல்லி.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. விடிஞ்சு பாத்தா மாமரம் வேரோட சாஞ்சு கிணத்து மேல கிடந்துச்சு. கரண்ட் இல்லாத அந்த நாட்கள்ல மரத்தை வெட்டி ஏத்தறதே வேலையாப் போச்சு. தோட்டம் முழுக்க வானம்.

அடுத்த சித்திரையில கனகாம்பரம் இலை சுருண்டு ஓரமெல்லாம் கருகிப்போச்சு. மல்லி மட்டும் பூத்துச்சு. அந்த மாதிரி அது பூத்து நாங்க யாரும் பாத்ததில்ல. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல வாசனை நடு வீடு வரைக்கும் வந்துச்சு. பக்கத்து வீட்டு அத்தை கூடையோட வந்து நின்னாங்க. அம்மா திண்ணையில உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க, எழுந்திரிக்கல. "நீ பறிச்சுக்கடி, எனக்கு வேணாம்"னாங்க. அந்த சீசன் பூரா அம்மா அதுல ஒரு பூ பறிக்கல. சாயந்திரம் மலர்ந்து, மறுநாள் வெயில்ல பழுத்து, செடியிலயே பழுப்பா தொங்கும்.

ஏம்மான்னு நான் கேக்கல. இப்ப கேக்கறதுக்கு அம்மா இல்ல. மல்லி இருக்கு. மா இன்னொன்னு வச்சோம், அதுவும் இப்ப தலைக்கு மேல போயிடுச்சு. அதோட நிழல் மல்லி மேல விழற இடத்துல கிளையைக் கழிக்கலாமா வேணாமான்னு ஒவ்வொரு வருஷமும் யோசிச்சு, கழிக்காம விட்டுடறேன்.

முத்தியால்பேட்டை மாடி

தேவனாம்பட்டினம், படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் எழுதத் தோணல.

வில்லியனூர் சார்கிட்ட எனக்கு ஒத்துப்போகல. சத்தை இழுக்கும்னு மழை லில்லியைத் தூக்கிப் போட்டது அநியாயம். அந்தச் சின்னக் கிழங்கு மல்லிக்கிட்ட இருந்து என்னத்தை எடுத்துடப் போகுது? ரெண்டு கை எரு சேத்துப் போட்டா தீர்ந்துச்சு. சேராததுன்னா அது தண்ணிதான்.

எங்க எதிர் வீட்டு கேட் வளைவுல ஒரு பக்கம் ரங்கூன் மல்லி, ஒரு பக்கம் காகிதப்பூ. ரெண்டும் மேல ஏறி நடுவுல சேரணும்னு ஆசைப்பட்டு வச்சாங்க. ரங்கூன் மல்லி சாயந்திரம் வெள்ளையா விரிஞ்சு, மறுநாள் ரோஸாகி, அப்புறம் செவப்பாகும், ஒரே கொத்துல மூணு நிறமும் நிக்கும். காகிதப்பூ ராணிக் கலர். மனசுல நெனச்சா அழகுதான். ஆனா கத்திரி வெயில்ல ரங்கூன் மல்லிக்கு தினம் தண்ணி ஊத்தினாங்க, காகிதப்பூ அதையும் குடிச்சுட்டு இலையா அடிச்சுது. ஒரு பூ கிடையாது, முள்ளு மட்டும் ரோட்டுப் பக்கம் நீளுது. பிரெஞ்சுக்காரத் தெருவுல மஞ்சச் சுவர் மேல அது கொட்டிக் கிடக்கறதைப் பாக்கறீங்களே, அங்க அதுக்கு யாரும் குடம் குடமா ஊத்தறதில்ல. வேர் காஞ்சாதான் அது பூக்கும்.

அந்த வீட்டுப் பாட்டி தினம் சாயந்திரம் வெளிய வந்து, பூக்கற பக்கத்தை விட்டுட்டுப் பூக்காத பக்கத்தைப் பாத்துட்டு நிப்பாங்க. எனக்கு அதுதான் நெனப்புல நிக்குது. "பாட்டி, அந்தப் பக்கம் தண்ணி வேணாம்"னு சொன்னேன். "பச்சையா இருக்கறதை எப்படிப்பா காய விடறது"ன்னாங்க.

வில்லியனூர் தோட்டம்

தம்பி, அநியாயம்னு சொல்ற அளவுக்கு ஒன்னும் இல்ல. எடுத்த கிழங்கை பக்கத்து வீட்டுக்குத்தான் குடுத்தேன். அங்க நல்லா இருக்கு. தண்ணி விஷயம் நீங்க சொல்றது சரி. மல்லிக்கும் அது உண்டு, கவாத்துக்கு முன்னாடி தண்ணியை நிறுத்தணும்.

திருப்பாதிரிப்புலியூர் வடக்குத் தெரு

நடுவுல வேற மாதிரி ஒன்னு. எங்க ஊர் பேர்லயே பாதிரி இருக்கு, பாடலீஸ்வரர் கோயில் தலவிருட்சம் அது. ஆனா இங்கயே பாதிப் பேருக்குப் பூ எப்படி இருக்கும்னு தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. கோடையில ஒரு நாள் காலையில கேப்பர் மலைப் பக்கம் சொந்தக்காரங்க நிலத்துக்குப் போனப்ப கீழ உதிர்ந்து கிடந்துச்சு. குழல் மாதிரி, வெளிய மங்கின செவப்பு, உள்ள மயிர் மயிரா. கையில எடுத்ததும் தேன் வாசனை. அத்தை மடியில அள்ளிட்டுப் போய் மண்பானைத் தண்ணியில போட்டாங்க. அந்தத் தண்ணியைக் குடிச்சேன். அந்த வாசனை இன்னும் எனக்குள்ள இருக்கு.

அதுல இருந்து வீட்டுல ஒன்னு வைக்கணும்னு இருக்கேன். புதுச்சேரிக்காரங்க நாகலிங்கப்பூவை மாநில மலரா வச்சிருக்காங்க, நமக்கு ஊர் பேராவே ஒரு பூ இருக்கு, ஒரு கன்னு எங்க கிடைக்கும்னு தெரியாம அலையறேன். பெரிய மரம், சின்ன மனைக்கு ஆகாதுன்னு சொல்லாதீங்க, தெரியும். தெருமுனையில காலி இடம் பாத்து வச்சிருக்கேன். யாருகிட்டயாவது விதை இருந்தா சொல்லுங்க.

நெல்லிக்குப்பம் கொல்லை

லாஸ்பேட்டை அக்கா, உங்க கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

எங்க வீட்டுல மல்லிக் கொல்லை உண்டு, பாட்டி காலத்துல இருந்து. பூக்காரம்மா பூவைப் பாக்கல, மண்ணைப் பாத்தாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்கு. கவாத்து முடிஞ்சதும் மல்லிக்கு அடி கொத்துவாங்க. அதே நேரத்துலதான் லில்லி இலை பழுத்து மறைஞ்சிருக்கும். கிழங்கு எங்க இருக்குன்னு மேல இருந்து தெரியாது. மம்பட்டி நேரா அது மேல இறங்கும். வெட்டுப்பட்ட கிழங்கு மழை ஈரத்துல அழுகிடும். அதுக்குப் பயந்து கொத்தாம விட்டா மல்லி அடுத்த சித்திரையில இளைச்சுப் போகும். "ஒன்னுக்கு வேலை பாத்தா இன்னொன்னு போயிடும்"னா இதுதான். அவங்க கொல்லையில வேலை பாத்த கையா இருப்பாங்க.

வில்லியனூர் சார் சொன்ன நவம்பர் கடைசி சரியான கணக்குதான். ஆனா இந்தக் கரையோரத்துல அப்ப மழை ஊத்திட்டு இருந்தா நாங்க அவசரப்பட மாட்டோம். மழை விட்டு மண்ணு கையில ஒட்டாத பதத்துக்கு வந்தப்புறம்தான் கத்தி எடுப்போம்.

பிரிக்க வேண்டியதில்லக்கா. இப்ப இலை இருக்கறப்பவே கிழங்கைச் சுத்தி நாலு செங்கல்லை நிமித்திப் புதைச்சு வைங்க. மம்பட்டி கல்லுல பட்டா கை நின்னுடும். இல்லன்னா மாசியில தூங்கற நேரத்துல எடுத்து, ஓட்டை உள்ள மண்சட்டியில நட்டு, சட்டியோட அதே இடத்துல விளிம்பு வரைக்கும் புதைச்சிடுங்க. கொத்தற அன்னைக்கு சட்டியைத் தூக்கி ஓரமா வச்சுக்கலாம். கிழங்கு விஷம், பிள்ளைங்க இருக்கற வீடு, எடுக்கறப்ப பாத்து எடுங்க.

லாஸ்பேட்டை வாசல்

இப்பதான் வெளிய போய் பாத்தேன். மாமியார் இருந்தவரைக்கும் மல்லிக்கு அடி கொத்தினது அவங்கதான், வேற யாரையும் விட மாட்டாங்க. கிழங்கு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். இந்தக் கார்த்திகைக்கு வேலைக்கு ஆள் சொல்லி வச்சிருந்தோம்.

செங்கல் எடுத்து வச்சாச்சு. நெல்லிக்குப்பம், ஒன்னு கேக்கணும். கிழங்குல இருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும்? பக்கத்துலயே சின்னதா ரெண்டு இலை தனியா வந்திருக்கு, அதுவும் அதோட குட்டியா?

நெல்லிக்குப்பம் கொல்லை

ஆமாக்கா, குட்டிதான். ஒரு சாண் தள்ளி வைங்க, குட்டியும் உள்ள வர்ற மாதிரி.